ஏழு கட்டங்கள்

வெய் ஆற்றின் வடகரை, மாவட்ட எழுத்தறை.
உறைந்த மையை மூச்சால் ஊதி
இளக்கிக்கொண்டிருந்தபோது
தலைநகரத்துத் தாள் வந்தது:
உன் எல்லைக்குள் உள்ள போதனைகளை எண்ணி அனுப்பு.

கட்டங்கள் முன்பே வரையப்பட்டிருந்தன.
பிக்கு ஹுவாய்லினின் கை என்றார்கள்.
நடுங்காத கை.
தோற்றுவித்தவர் யார்.
நூல் எத்தனை சுருள்.
விலக்க வேண்டியவை எவை.
துறந்தோர் எத்தனை பேர்.
இறந்தபின் எங்கே.
திருவுருவம் எப்படி.
ஏழாவதன் தலைப்பை
வழியில் எலி தின்றிருந்தது.

புத்த மடங்களுக்கு அரைநாள்கூட ஆகவில்லை.
நான் கேட்டு முடிக்குமுன் சொன்னார்கள்.
காலை வைத்து அளவெடுத்த செருப்பு
கடிக்குமா?

மூன்றாம் நாள் கல்லெருதுக் குன்று ஏறினேன்.
கோ சியூயின்
வாசலில் நோயாளி ஒருவனின் பெயரை
மூன்று தாளில் எழுதிக்கொண்டிருந்தாள்.
ஒன்று மலைமேல் வைக்க,
ஒன்று மண்ணில் புதைக்க,
ஒன்று ஆற்றில் விட.
"இருங்கள், இவனுக்குக் காய்ச்சல் ஏறுகிறது" என்றாள்.
இருந்தேன்.

உங்களுடையது என்ன என்றேன்.
வழி என்றாள்.
நெறி என்று எழுதிக்கொண்டேன்.

நூல்கள்?
"மேலே அனுப்புவதையெல்லாம் எரித்துத்தான் அனுப்புகிறோம்.
கணக்கு புகையிடம் இருக்கும்."
துறந்தோர்?
"எதை?
என் புருஷன் முள்ளங்கி பிடுங்கப் போயிருக்கிறான்,
வந்ததும் கேளுங்கள்."
ஆறு கட்டத்திலும்
இல்லை, இல்லை என்று எழுதி இறங்கினேன்.
பொய் எதுவும் எழுதவில்லை.

பனி உருகியதும் பதில் வந்தது.
ஆறு 'இல்லை' உள்ள இடம் போதனை ஆகாது;
அதன் நிலத்துக்கு இனி வரி உண்டு.

அடுத்த குளிர்காலம் அவளே இறங்கி வந்தாள்,
பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு
இரவல் அங்கி போட்டவள்போல.
தோற்றுவித்தவர், மூத்த பெருமான்.
நூல்கள் மூன்று குகை
("அவர்களுக்கு மூன்று கூடையாமே?").
விலக்க வேண்டியவை ஐந்து.
அவர்களுக்கும் ஐந்துதான்,
எண்ணிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.
துறந்தோர் ஒருவர்:
பெண் கிடைக்காத தம்பி மகன்.
இறந்தபின் எங்கே என்பதற்குச் சற்று யோசித்து,
"அவர்கள் என்ன எழுதினார்கள்?" என்றாள்.

திருவுருவத்தை வண்டியில் ஏற்றிவந்திருந்தாள்.
புத்தர் செதுக்கும் லுவான்
பாதி முடித்த கல்லை மலிவாகக் கொடுத்திருக்கிறான்.
தாடி வைத்திருந்தான், தொப்பி வைத்திருந்தான்.
அஞ்சாதே என்று உயர்ந்த கையில்
விசிறி ஒன்றைச் செருகியிருந்தான்.
விசிறத் தெரியாத கை அது.
வண்டியைப் பிடித்தபடி அவள் புருஷன் கேட்டான்:
"அப்போ, இனி நாமும் ஒரு மதமா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
மாடு சாணி போட்டது.

"இந்த ஏழாவது?" என்றாள்.
தெரியாது, எலி தின்றுவிட்டது என்றேன்.
சிரித்தாள். அந்த முழு நாளில் அப்போதுதான்.
நான் ஊற்றித் தந்த சூடான மதுக் கிண்ணத்தை
அந்தக் கட்டத்தின்மேல் வைத்துவிட்டு
வரிவிலக்குக்கு ரேகை பதித்தாள்.

ஏழு ஆண்டு கழித்து ஹுவாய்லினே வந்தார்.
கிழவர். நடுங்காத கை நடுங்கியது.
குன்றின் சிலையை நெடுநேரம் பார்த்து,
"நம்மைப் பார்த்துத் திருடியிருக்கிறார்கள்,
சொந்தமாக ஒன்றுமே இல்லை" என்றார்.
நான் அவருக்குக் குடை பிடித்திருந்தேன்.
குடை பிடிப்பவன் பேசக் கூடாது.

எழுத்தறை திரும்பியதும் பழைய தாளைக் கேட்டார்.
ஆறு கட்டங்களையும்
தம் பிள்ளையின் பாடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
ஏழாவதில் விரல் நின்றது.
பழுப்பு வட்டம்,
ஒரு பக்கம் மூடாமல்.

"இது என்ன?"

எலி, ஐயா என்றேன்.